கூடையில் இருந்த ஆணி

இன்று மதியம் இடித்த இடியில் ஜன்னல் அதிர்ந்தது. எனக்குப் பாப்பாரப்பட்டி வீட்டின் கோழிக்கூடைதான் கண்ணில் வந்து நின்றது. எண்பத்து மூன்றாம் வருஷம் அம்மா அதில் பதினோரு முட்டைகளை அடை வைத்தாள். இடிக்கு முட்டை கெடாமலிருக்க வைக்கோலில் ஓர் இரும்பாணியைச் செருகினாள். பாண்டி விளையாடத் தரையில் கட்டம் கிழிக்க நான் அதை உருவிக்கொண்டு போனேன். அன்று மாலையே இடி இடித்தது. பயந்துபோய்த் திரும்பச் செருகிவிட்டேன்.

நாள் கடந்தும் ஒன்றும் பொரியவில்லை. அம்மா ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தாள். எல்லாம் கூமுட்டை. அந்த நாற்றத்திலேயே உட்கார்ந்து, "எங்கையி ராசியில்லாத கையிடி. உனக்குப் பின்னால பொறந்த ரெண்டும் தங்கல, இதுவும் தங்கல" என்றாள். கோழி வெறுங்கூடையில் போய்ப் படுத்துக்கொண்டது. அம்மா அதன்பின் அடை வைக்கவேயில்லை.

அவள் செத்தபோது அந்தக் கைகளைச் சேர்த்துக் கட்டியது நான்தான். ஆணியை எடுத்ததை அப்போதும் சொல்லவில்லை.