வலது ஓரத்து ஐந்து சதவீதம்

பிஸ்கட் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கம்பெனியே என்னைப் பகுதிநேர டிப்ளோமாவுக்கு அனுப்பியது. புள்ளியியல்தான் பயமாக இருந்தது. என் கணவர் தமிழ்நாட்டில் பொறியியல் படித்துவிட்டு இங்கே சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்தவர். சொல்லித் தருகிறேன் என்று அவராகத்தான் உட்கார்ந்தார்.

புக்கிட் பாஞ்சாங் வீட்டின் சாப்பாட்டு மேசையில் ஒரு கணக்கு. புதிய அடுப்பில் பிஸ்கட்டின் ஈரம் கூடிவிட்டதா? கூடியதா என்பது மட்டுமே கேள்வி, அதனால் ஒருபக்கச் சோதனை. தவறுக்கு விடும் இடம் ஐந்து சதவீதம். அந்த ஐந்தும் வளைவின் வலது ஓரத்தில், மீதி தொண்ணூற்றைந்து இடப்பக்கம். இசட் அட்டவணைக்குள் 0.95ஐத் தேடினேன். 1.64க்கும் 1.65க்கும் நடுவில் வந்தது. எல்லை மதிப்பு 1.645 என்று எழுதினேன்; சோதனையில் வரும் இசட் இதைத் தாண்டினால் ஈரம் கூடிவிட்டது என்று முடிவு.

அவர் பேனாவைப் பிடுங்கி அதை அடித்துவிட்டு 1.96 என்று எழுதினார். ஐந்து சதவீதம் என்றால் எப்போதும் அதுதானாம். அட்டவணையை நீட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பிஸ்கட் எண்ணுற மூளைக்கு இதெல்லாம் ஏறாது," என்றார்.

பரீட்சையில் அதே மாதிரி கேள்வி. சோதனையில் எனக்குக் கிடைத்த இசட் 1.8. கையில் அட்டவணை இருந்தது, 1.645 கண்ணில் பட்டது. அவர் குரல்தான் காதில் கேட்டது. 1.96 என்று எழுதினேன். 1.8 அதைத் தாண்டாததால் ஈரம் கூடவில்லை என்று முடிவையும் தப்பாக எழுதினேன். ஃபெயில்.

தாளைத் திருப்பித் தந்த விரிவுரையாளர், ஐந்தை இரண்டு ஓரத்துக்கும் பாதிப் பாதியாகப் பிரித்தால்தான் 1.96 வரும் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் சாப்பிடப் போனோம். என் கணவருடைய நண்பரும் நண்பரின் மனைவியும் வந்திருந்தார்கள். நான் ஃபெயிலானதை அவர்தான் சிரித்துக்கொண்டே எடுத்துச் சொன்னார். எனக்குத் தாங்கவில்லை.

"நீங்கதானே 1.96ன்னு சொன்னீங்க? நான் முதல்ல சரியாத்தான் போட்டிருந்தேன்."

அவர் தோசையைப் பிய்த்தபடி, "சரின்னு தெரியுதுல்ல? அப்புறம் எதுக்கு என்னைக் கேட்டு எழுதின? சொந்த புத்தி வேணாமா?" என்றார்.

நண்பர் சிரித்தார். நண்பரின் மனைவி குனிந்து இலையைப் பார்த்தார்.

மறுபரீட்சைக்கு நூலகத்தில் தனியாக உட்கார்ந்து படித்தேன். பாஸானேன். அன்று மாலை அவர் ஊருக்குப் போன் போட்டு, "நான்தாம்மா உக்கார வச்சு சொல்லிக் கொடுத்தேன்," என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னது அடுப்படிவரை கேட்டது.

சான்றிதழை நான் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. அவரும் இதுவரை கேட்கவில்லை.