சந்தனம் அடைத்த போன்

ஆயுத பூஜையன்று காருக்கு, ரைஸ் குக்கருக்கு, தையல் மிஷினுக்கு என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவன், அதே வேகத்தில் என் போனுக்கும் வைத்துவிட்டேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரக் கத்திக்கும் சைக்கிளுக்கும் சந்தனம் அப்பிய வீட்டில் பிறந்தவன் நான், கை தாராளம். திரையில் வைத்தால் கறையாகும் என்று கீழ் விளிம்பில் வைத்தேன். நம் பேச்சு போகும் துளை அங்கேதான் இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

மறுநாள் சிங்கப்பூரிலிருந்து மகள் கூப்பிட்டாள். "அப்பா? ஹலோ? ஒண்ணுமே கேக்கல லா." நான் கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது, அவளுக்குக் கேட்கவில்லை. 'நீ பேசுவது எனக்குக் கேட்கிறது' என்று ஒற்றை விரலால் தட்டி அனுப்பினேன்.

அவள் அம்மா போன பிறகு எங்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது இந்த போன் ஒன்றுதான். உடனே எங்கள் ஊர் மஸ்ஜித் தானாவில் இருக்கும் போன் ரிப்பேர் கடைக்கு ஓடினேன். ஊருக்கு ஒரு கிளை வைத்திருக்கிறார்கள். அதே மஞ்சள் பலகை, அதே டீ-ஷர்ட், அதே சிரிப்பு. கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண் விளிம்பைப் பார்த்ததுமே, "சந்தனமா அங்கிள்? பூஜை முடிஞ்சா எங்களுக்கு இதே வேலதான்" என்றாள். பிரித்துச் சுத்தம் செய்கிறவர் கிளைக்குக் கிளை சுற்றி வருகிறவராம். அன்று கிளேபாங் கிளையில் இருந்தார், அங்கேயும் கூட்டமாம். இங்கே வியாழக்கிழமைதான். "அதுவரைக்கும் ஊசி கீசி விட்டுக் குத்திடாதீங்க அங்கிள்." இத்தனை கடை திறக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு ஆளை வைக்கத் தெரியவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பினேன்.

மாலையில் மறுபடியும் கூப்பிட்டாள். வழக்கமாக எங்கள் பேச்சு இவ்வளவுதான்: சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், உடம்பு எப்படி, நல்லா இருக்கு. அதற்கு மேல் அவள் எதையாவது எடுத்தால், முதல் வரியிலேயே நான் புகுந்து வழி சொல்ல ஆரம்பித்துவிடுவேன். "ஓகே லா ப்பா" என்று வைத்துவிடுவாள்.

அன்று என்னால் புக முடியவில்லை. "கேக்குதுல்ல?" என்று ஒரு தரம் தயங்கிவிட்டு, பேசிக்கொண்டே போனாள். வாடகை அறையில் சன்னல் திறக்காதாம். ஆபீஸில் ஒருத்தி இவள் செய்த வேலையைத் தன் வேலை என்று காட்டிக்கொள்கிறாளாம். ரயிலில் யாரோ அம்மாவின் சேலை மாதிரியே கட்டியிருக்க, அதைப் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டிய ஸ்டேஷனை விட்டுவிட்டாளாம். "சில நாளு, திரும்பி வந்துரலாமான்னு இருக்குப்பா." பதில் என் வாய்வரை வந்து அங்கேயே நின்றது. அழுதாள், தானே சமாதானமாகிச் சிரித்தாள். பிறந்ததிலிருந்து என்னிடம் அவள் இவ்வளவு பேசியதில்லை.

அதன் பிறகு தினமும் கூப்பிட்டாள். நான் காலையிலேயே மாலைக்காக ஏங்கத் தொடங்கினேன். வியாழக்கிழமை கடைக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவள் விடவில்லை. "போய் சரி பண்ணிட்டு வாங்கப்பா, ஒங்க கொரல கேக்கணும் போல இருக்கு." எனக்கு அவள் குரல்தான் வேண்டியிருந்தது.

வியாழனன்று கடையில் போனைப் பிரித்துத் துடைத்து மறுபடி பொருத்திக் கொடுத்தார்கள். "யாருக்காச்சும் போட்டுப் பேசிப் பாருங்க அங்கிள். பேசிப் பாக்காம நாங்க குடுக்கமாட்டோம், கடை ரூல்" என்றாள் கவுண்டர்ப் பெண். மகளுக்குப் போட்டேன். மணி அடிக்கும்போதே என் கட்டைவிரல் கீழ் விளிம்பில் அந்தத் துளையைத் தேடிப் பிடித்து அழுத்தி மூடிக்கொண்டது.

"அப்பா? கேக்குதா? சரியாயிடுச்சா?"

கட்டைவிரலை இன்னும் அழுத்தினேன்.

"இன்னும் சரியாகலையா? சரி விடுங்க, கேளுங்க. இன்னிக்கு ஆபீஸ்ல என்னாச்சு தெரியுமா..."

பேசுங்கள், பேசுங்கள் என்று அந்தப் பெண் எதிரிலிருந்து கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.