இரண்டாவது முடிச்சு

துணிக்கடையின் மாடியில், ஆள் ஒருக்களித்து நுழைகிற அகலத்தில் ஒரு அறை. அங்கே உட்கார்ந்து பேன்ட்டின் நீளம் குறைப்பதும் இடுப்பைப் பிரித்துத் தைப்பதும் தையலக்காவின் வேலை. தெருவில் யார் இளைத்தார், யார் பெருத்தார் என்பது அவளுக்குத்தான் முதலில் தெரியும். அவளுக்கு என்ன ஆயிற்று என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. கேட்பதற்கு ஆள் இருந்தால்தானே.

அப்பாவுக்கு நாற்பத்தெட்டு வயதில் பக்கவாதம். பிறகு இன்னொன்று, பிறகு மறதி. மூளையின் சின்னச் சின்ன ரத்தக்குழாய்களைத் தடிக்க வைக்கிற பரம்பரை நோய் என்று கண்டுபிடிப்பதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார் டாக்டர். தையலக்கா பரிசோதனை செய்துகொண்டாள், வந்திருந்தது. தம்பிக்குப் போன் செய்து சொன்னாள்.

"எனக்கு எதுவும் தெரிய வேணாம்க்கா. இனிமே கூப்பிடாத," என்று வைத்துவிட்டான். அம்மா இல்லாத வீட்டில் அவள் இடுப்பில் சுமந்து வளர்த்த பிள்ளை. அதோடு பேச்சு நின்றது.

இந்த நோயை ஆராய்கிற ஆஸ்பத்திரிக்கு வருஷம் ஒருமுறை போய் ஸ்கேன் மெஷினுக்குள் படுப்பாள். கண்ணெதிரே கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் சிமிட்டும். பார்க்கிற வேலை கூடும்போது மூளையின் பின்பக்கத்துக்குக் கூடுதல் ரத்தம் ஓடிவர வேண்டும். குழாய்கள் விரிந்து வழிவிட வேண்டும். அவளுக்கு அது மந்தமாகத்தான் நடந்தது. "கூப்பிட்டா வர்றதில்லன்னு சொல்லுங்க. எங்க வீட்டு ரத்தம்தானே," என்றாள். டாக்டர் சிரிக்கவில்லை. பாவம், அவருக்குத் தம்பி கதை தெரியாது.

அங்கே உடுத்தத் தருகிற கால்சட்டைக்கு நாடா மட்டும்தான். உள்ளே இருப்பது ராட்சதக் காந்தம், கொக்கியும் ஜிப்பும் ஆகாது. தையலைப் பார்த்தால் அவளுக்குச் சகிக்கவில்லை. ஊசி கேட்டாள், அந்த அறைப் பக்கம் ஊசி என்ற பேச்சையே எடுக்கக்கூடாது என்று நர்ஸ் பதறினாள். அன்றிலிருந்து, கிழிந்ததையும் நாடா சிக்கியதையும் நர்ஸ் சேர்த்துவைத்துப் பையில் கொடுப்பதும், இவள் எடுத்துப்போய்ச் சரிசெய்து அனுப்புவதும் வழக்கமாயிற்று.

மூன்றாம் வருஷப் பையில் அந்த முடிச்சு இருந்தது. மூன்று சுற்று சுற்றி, நுனியை உள்ளே செருகி இறுக்கியது. பள்ளிக்கூடத்தில் டவுசர் அவிழ்ந்துவிடுமோ என்று பயந்து தம்பி போடுகிற முடிச்சு. அவனுக்கு ஒல்லி உடம்பு, அவிழ்க்காமலேயே உருவிப் போட்டுவிடுவான். அவள்தான் பல்லால் கடித்து அவிழ்ப்பாள். வேறு யாரும் அப்படி முடிச்சுப் போட்டு அவள் பார்த்ததில்லை.

அந்த ஆராய்ச்சிக்கு நோயாளிகள் வருஷாவருஷம் வருவார்கள். நோய் இல்லாத சொந்தக்காரர்களும் வருவார்கள், ஒப்பிட்டுப் பார்க்க, ஒரே ஒரு தடவை. யார் வந்தார் என்று நர்ஸ் சொல்லமாட்டாள். தையலக்காவே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். பயல் தப்பித்துவிட்டான், அக்காவுக்காக ஒருநாள் வந்து படுத்துவிட்டுப் போயிருக்கிறான். பேசாவிட்டால் போகிறது. அந்த நாடாவை முடிச்சோடு வெட்டி ஊசி டப்பாவில் வைத்துக்கொண்டு, கால்சட்டைக்குப் புது நாடா கோத்தாள். அந்த வருஷம் தனியாகச் சாப்பிட்டாலும் சாப்பாடு இறங்கியது.

அடுத்த வருஷம் பையை ஆஸ்பத்திரியில் திறக்கத் தைரியம் வரவில்லை. அறைக்கு வந்து மேசைமேல் கொட்டி ஒவ்வொன்றாக எடுத்தாள். கிழிசல். இன்னொரு கிழிசல். ஒரு சிக்கு, யாரோ அவசரத்தில் இழுத்தது. எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்ததில் மூன்று சுற்று, நுனி உள்ளே.

தனக்கு நோய் என்று கேட்ட நாளில்கூட அவள் அப்படி அழவில்லை. அவன் சாகும்வரை கோபமாகவே இருந்துவிட்டுப் போயிருக்கலாமே, இந்த நோய் அவனுக்கு வராமல் இருந்திருந்தால் போதுமே என்றிருந்தது. அதே மெஷினுக்குள், அதே கட்டங்களைப் பார்த்துக்கொண்டு, அவனும் தனியாகப் படுத்திருக்கிறான்.

வெகுநேரம் கழித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து போன் செய்தாள். அவன் எடுத்தான். மூச்சு மட்டும் கேட்டது.

"முடிச்ச அவுத்துட்டேன்டா," என்றாள்.

வைத்துவிட்டான் என்றே நினைத்தாள்.

"பல்லாலயாக்கா?" என்றான்.