சகாயராணி சொல்லாமல் விட்ட பெயர்

செவ்வாய்க்கிழமை காலை நான் வேலைக்கு வந்த ஓர் இளைஞரை நேர்காணல் செய்துகொண்டிருந்தபோது போன் வந்தது. சகாயராணியின் தம்பி. "அண்ணே, அக்கா போயிட்டாக" என்றார். இரண்டு மாதமாக மதுரையில் மருத்துவமனையில் இருந்தவர்தான். ஆனாலும் திரும்பி வந்துவிடுவார் என்றே நம்பியிருந்தேன். எதிரே இருந்த இளைஞர் கம்பத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர். இன்னொரு நாள் வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வந்த புள்ளைகளக் காக்க வைக்காத குமரேசா, வீட்டுல எல்லாரும் போனையே பாத்துட்டு உக்காந்திருப்பாக" என்று சகாயராணி என்னைக் கடிந்துகொண்டது ஒரு தடவையா இரண்டு தடவையா. மீதிக் கேள்விகளைக் கேட்டு முடித்து அவரை அனுப்பிவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அல்லிநகரம் மென்பொருள் அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நேர்காணலுக்கு வருகிறவர்களிடம் அவர் முதலில் என்ன சொல்வார் என்பது வாசலில் நிற்கும் காவலாளிக்குக்கூடத் தெரியும். "நான் கேக்குற கேள்வி முன்னமே தெரிஞ்சிருந்தா, தெரியும்னு சொல்லிருங்க. வேற கேக்குறேன். அதுக்காக மார்க்கக் குறைக்க மாட்டேன்." சென்னையிலிருந்து வந்த மேலாளர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். யாராவது அப்படிச் சொல்வார்களா என்றார். அன்று மதியமே சின்னமனூர்ப் பெண் ஒருவர், "மேடம், இதக் காலையில போயிட்டு வந்தவுக சொல்லிட்டாக" என்று சொல்லிவிட்டார். சகாயராணி வேறு கேள்வி கேட்டார். பாதிதான் பதில் வந்தது. "இந்தப் பாதி அந்தப் புள்ளையோட சொந்தப் பாதி சார், தாராளமா எடுக்கலாம்" என்று மேலாளரிடம் சொன்னார். அந்தப் பெண் இன்று நம் மருத்துவமனை மென்பொருளைத் தனியாளாகத் தாங்கிக்கொண்டிருக்கிறார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களிடம் சகாயராணி சிரித்து மழுப்பிவிடுவார். பக்கத்தில் நின்று நானும் மழுப்பியிருக்கிறேன். இன்று சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. அவர் அப்பா உத்தமபாளையம் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் பந்தல் போடுகிறவர். என் அப்பா வடுகபட்டியில் பூண்டு மூட்டை தூக்குகிறவர். படிப்பு முடிந்த கையோடு, இதே நிறுவனம் பெரியகுளத்தில் ஆள் எடுக்க வந்தது. இரண்டு வீட்டுக்கும் அந்த வேலை தேவைப்பட்டது. எனக்கு நேர்காணல் காலையில், அவருக்கு மதியம். கேள்வியை வெளியே சொல்கிறவர் பட்டியலிலிருந்து நீக்கப்படுவார் என்று காலையிலேயே அறிவித்தார்கள். யாரும் காதில் வாங்கவில்லை. உள்ளே போய் வந்தவன் வெளியே நிற்பவனுக்குச் சொல்வது எங்கள் பக்கத்தில் உதவி. சொல்லாமல் நடந்தால்தான் தலைக்கனம் பிடித்தவன் என்பார்கள். நானும் டீக்கடையில் வைத்து அவருக்குச் சொன்னேன். ஒரே பஸ் சீட்டை இரண்டு பேர் ஒரே நொடியில் பதிவு செய்தால் மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் கேள்வி. விடையையும் சொன்னேன். அவரும் ஆர்வமாகத்தான் கேட்டுக்கொண்டார்.

மதியம் அவருக்கும் அதே கேள்வி வந்தது. எழுதுவதற்குப் பேனாவை எடுத்தவர் கீழே வைத்துவிட்டு, "சார், இத எனக்கு வெளிய சொல்லிட்டாக. வேற கேளுங்க" என்றிருக்கிறார். கேட்டவர் நம் பாஸ்கரன் சார். யார் சொன்னது என்று விசாரித்தார். பெயரைச் சொன்னால் அடுத்த சுற்றுக்கு அனுப்புவதாகவும் சொன்னார். "பேரு வேணாம் சார். கேள்விய மட்டும் மாத்துங்க, போதும்" என்று சகாயராணி முடித்துக்கொண்டார். கேள்வி மாறியது. அதற்கு அவருக்கு விடை தெரியவில்லை.

வெளியே வந்து அவர் இதைச் சொன்னபோது எனக்கு நன்றியா வந்தது? கோபம்தான் வந்தது.

"கிறுக்கா உனக்கு? என் பேரு வெளிய வந்திருந்தா என் கதி என்ன?"

"வரலைல்ல? பெறகென்ன."

"பேசாம எழுதிட்டு வந்திருக்கலாம்ல?"

"எழுதியிருந்தா அங்கன வேலைக்கு எடுத்தது உன்னத்தான, என்னய இல்லையே. தெனமும் அத நெனச்சுக்கிட்டே என்னால வேலைக்கு வர முடியாதுப்பா."

சாயங்காலம் ஒட்டிய பட்டியலில் என் பெயர் இருந்தது, அவர் பெயர் இல்லை. முதலில் கை கொடுத்தவர் அவர்தான்.

இரண்டு வருடம் போடியில் ஒரு செல்போன் கடையில் நின்றார். பிறகு மறுபடி விண்ணப்பித்து, வந்த அத்தனை பேரிலும் முதலாவதாகத் தேறி உள்ளே வந்தார். அவருக்குப் பதவி உயர்வு கிடைத்த அன்று பாஸ்கரன் சார் என் எதிரிலேயே, "இப்பவாவது சொல்லும்மா, அன்னைக்கு யாரு சொன்னது?" என்று கேட்டார். "மறந்துருச்சு சார்" என்றார் சகாயராணி. நான் கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு தைரியசாலி நான்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்தை விட்டு வெளியே வரும்போது அவர் அம்மா சவரியம்மாள் என் கையைப் பிடித்து நிறுத்தினார். பாஸ்கரன் சார் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"ஏய்யா, நீ அவ கூடப் படிச்ச புள்ளதான? மொத இன்டர்வியூவுல அவகிட்டக் கேள்வியச் சொன்னது யாருன்னு உனக்குத் தெரியுமா? எத்தனையோ தடவ கேட்டுட்டேன், கடைசி வரைக்கும் வாயத் தெறக்கல. அந்த ஆள நான் வையாத நாளில்ல."

"நான்தாம்மா" என்றேன்.

அவர் கையை எடுக்கவில்லை.

"அந்த இன்டர்வியூவுலதான் உனக்கு வேல கெடச்சுச்சா?"

"ஆமாம்மா."

"அப்ப அவ நெனச்சது நடந்துருச்சு. போ, போயி ஒழுங்கா வேலயப் பாரு" என்றார்.

சகாயராணியின் பொருள் என்று என்னிடம் ஒரு பேனாகூடக் கிடையாது. என்னிடம் இருப்பது என் வேலை. நானே விடை சொல்லித்தான் வாங்கினேன்; ஆனால் அது என் கையில் தங்கியது அவர் வாய் திறக்காததால். நம்மோடு இப்படி ஒருவர் வேலை பார்த்தார் என்பதில் எனக்கு இருக்கும் பெருமையை எந்த மேடையில் வேண்டுமானாலும் சொல்வேன். இத்தனை வருடம் அவர் காப்பாற்றிக் கொடுத்த பெயரை இனி நானே சொல்லிக்கொள்ள வேண்டும். அன்றைக்குக் கேள்வியை வெளியே சொன்னவன் வடுகபட்டி குமரேசன்.