மச்சான் வாங்கிய இரண்டு கதவுக் கார்

எங்கள் முற்றத்தில் அந்தக் கார் வந்து நின்றபோது நான் முதலில் எண்ணியது இருக்கைகளை. இரண்டு. நீண்ட மூக்கு, தாழ்ந்த உடம்பு, கன்வஸ் கூரை, கடும் பச்சை நிறம் எல்லாம் அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டன.

அது எண்பதுகளின் தொடக்கம். என் ராத்தாவின், அதாவது மூத்த சகோதரியின், கணவர், எங்கள் மச்சான், சவூதியில் நாலு வருடம் சாரதியாக இருந்துவிட்டு வந்திருந்தார். நாட்டை விட்டுப் போகும் யாரோ ஒருவரிடம் கொழும்பில் அந்தக் காரை வாங்கி, தானே ஓட்டிக்கொண்டு எங்கள் நிந்தவூர் வரைக்கும் வந்தார். இறங்கியதும் என் வாப்பாவைத்தான் தேடினார்.

"மாமா, இனி யோசிக்காதீங்க. கண்டிக்கு நாமளே போவம். மெத்தையில படுத்த மாதிரிப் போகலாம்."

வாப்பா அதற்கு ஆறு மாதம் முன்பு சம்மாந்துறைப் பக்கத்து வயலில் உழவின்போது டிரக்டரின் மட்கார்டில் இருந்து விழுந்திருந்தார். முதலில் இடுப்பு நொந்தது. பிறகு வலது காலின் விரல்கள் மரத்தன. பிறகு அந்த மரப்பு முழங்கால் வரை ஏறியது. அதைத் திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். எதையும் எழுதி வைப்பது என் பழக்கம். கண்டியில் சத்திரசிகிச்சைக்கு ஒரு நாள் தந்திருந்தார்கள். அதைத் தவறவிட்டால் இன்னொரு நாள் கிடைக்க மாதங்கள் ஆகும், அதுவரை நரம்பு தாங்கும் என்று சொல்ல முடியாது என்று டொக்டர் என்னிடம்தான் சொன்னார். ஆகவே காரைதீவில் ஒருவரிடம் வேன் பேசி வைத்திருந்தோம். பின் ஆசனத்தில் வாப்பா படுத்துக்கொண்டு போகலாம். தலைமாட்டில் உம்மா, கால்மாட்டில் நான், என் மடியில் எக்ஸ்றே படங்கள்.

வேன் கதையைக் கேட்டதும் மச்சானின் முகம் சுருங்கியது. "மருமகன்ட கார் வாசல்ல நிக்கக்குள்ள மாமா வேறாக்கள்ட வேன்ல போறதா?"

வாப்பா உடனே, "அந்த வேன வேணாம் எண்டு சொல்லிப்போடு புள்ள" என்றார்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வீடு மகளுக்கு, மரியாதை மருமகனுக்கு. மச்சான் சாப்பிட்டு எழும்பும் வரை வாப்பா கை கழுவமாட்டார். முதுகு கொல்லும் நாட்களிலும் மச்சானுக்கு முன்னால் கால் நீட்டி இருந்ததில்லை. அப்படிப்பட்டவர் காரை வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்?

மெத்தைக் கதையில் மச்சான் தெரிந்து பொய் சொல்லவில்லை. சவூதியில் அவர் ஓட்டியதும் தாழ்ந்த, நீண்ட மூக்குள்ள, இரண்டு கதவுக் கார்தான். முதலாளியின் தாயை அதில் ஏற்றி விடியப் புறப்பட்டு, பாலைவனம் முழுக்கக் கடந்து, பின்னேர அஸர் தொழுகைக்குப் போய்ச் சேருவாராம். கிழவி பின்னால் குறட்டை விட்டுக்கொண்டு வருவாளாம். அந்த நினைவில்தான் இந்தக் காரை வாங்கினார்.

நான் அப்போது தொழில்நுட்பக் கல்லூரியில் அளவுப்படம் கீறும் படவரைஞர் படிப்பை முடித்திருந்தேன். வகுப்பில் ஒரே பெண். பகல் இடைவேளையில் போய் இருக்க வேறு இடமில்லாததால் நூலகத்துக்குப் போவேன். அங்கே ஒரு அலுமாரி நிறையப் பழைய ஆங்கில மோட்டார் சஞ்சிகைகள் கிடந்தன. இரண்டு வருடத்தில் அவை எல்லாவற்றையும் வாசித்து முடித்திருந்தேன். அதனால் மச்சான் சவூதியில் ஓட்டியது கிராண்ட் டூரிங் கார் என்றும், எங்கள் முற்றத்தில் நிற்பது ஸ்போர்ட்ஸ் கார் என்றும் எனக்குத் தெரிந்தது. தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் போல இருக்கும். ஆனால் முதலாவது, தூரம் போவதற்கென்றே செய்தது. பாரம் கூடியது, முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடைவெளி அதிகம், ஸ்பிரிங் மெதுமை. பின்னால் சின்ன ஆசனமாவது இருக்கும், இரண்டு சூட்கேஸுக்கு இடமிருக்கும். பெரிய எஞ்சின் நாள் முழுக்க அலட்டிக்கொள்ளாமல் இழுக்கும். ஸ்போர்ட்ஸ் காரோ வளைவில் திருப்பும்போது ஓட்டுகிறவருக்கு வரும் சந்தோசத்துக்காகச் செய்தது. பாரம் குறைவு. கார் சாயக்கூடாது என்பதற்காக ஸ்பிரிங்கை இறுக்கி வைத்திருப்பார்கள். ரோட்டில் உள்ள ஒவ்வொரு கல்லும் இருக்கிறவரின் முதுகுக்குத் தெரியும்.

அன்று பின்னேரம் முற்றத்துக் காரின் மூலையை இரண்டு கையாலும் அமத்திப் பார்த்தேன். அசையவில்லை.

ராத்தாவிடம் சொன்னேன். "அவருக்கு மனசு நோகும். வெளிக்கிடுற நேரம் பேசாம இரி" என்றாள். உம்மாவிடம் சொன்னேன். "வாப்பாவே ஓம் எண்டு சொன்ன பிறகு உனக்கு என்ன கதை?" என்றார். கடைசியில் மச்சானுக்குத் தேத்தண்ணி கொடுக்கும் சாட்டில், கேள்வி கேட்பது போலக் கேட்டேன்.

"மச்சான், இது ஸ்பிரிங் இறுக்கமான சாதியெல்லோ? வாப்பாட முதுகுக்குச் சரிவருமா?"

அவர் சிரித்தார். மனைவியின் தங்கையான என்னை மச்சி என்றுதான் கூப்பிடுவார். "மச்சி, நீங்க கார புத்தகத்துல கண்டது. நான் கையால ஓட்டினது. நீங்க கோடு கீறுங்க, நான் வளைச்சு எடுக்கன்."

எல்லோரும் சிரித்தார்கள். வாப்பாவும் சிரித்தார். நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பயணத்துக்கு ஒன்பது சாமான் எழுதி வைத்திருந்தேன். காலையில் ஏற்றும்போது பிளாஸ்க், ஒரு தலையணை, உடுப்புப் பை, இந்த மூன்றுக்கும்தான் இடம் இருந்தது. எக்ஸ்றே படங்களை மச்சான் சுருட்டி இருக்கைக்குப் பின்னால் செருகினார். உம்மாவுக்கும் எனக்கும் இடமில்லை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அது இருக்கைகளைப் பார்த்தாலே தெரிந்தது.

வாப்பா நெட்டையானவர். கதவைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து, பிறகு மரத்த காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே போட்டார். முழங்கால்கள் நெஞ்சுக்கு வந்தன. வேலிக்கு வேலி ஆட்கள் நின்று பார்த்தார்கள். வாப்பாவை அண்ணன் முறை சொல்லும் பக்கத்து வீட்டுக்காரர், "காக்கா, மாப்பிள்ள மாதிரி இரிக்கீங்க" என்று பகிடி விட்டார்.

"மருமகன் இருத்தினா அப்படித்தான்" என்றார் வாப்பா. நெற்றியில் வியர்த்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயந்திருப்பார்.

கார் எங்கள் ஒழுங்கையை விட்டுப் பெரிய ரோட்டுக்கு ஏறும்போது முதல் பள்ளத்தில் இறங்கியது. வாப்பாவின் தலை ஒருதரம் பின்னால் அடித்து நின்றது. அதைக் கண்டும் நான் மற்றவர்களோடு சேர்ந்து கை காட்டினேன்.

இரண்டாம் நாள் மகியங்கனையில் இருந்து தந்தி வந்தது. வாப்பா அங்குள்ள ஆஸ்பத்திரியில் இருக்கிறார், பயப்பட வேண்டாம் என்று மச்சான் அடித்திருந்தார். நடந்ததைப் பிறகு அவர் வாயாலேயே கேட்டோம். மகாஓயா தாண்டியதும் ரோட்டு மோசம். "எப்படி மாமா?" என்று மச்சான் அடிக்கடி கேட்டிருக்கிறார். "நல்லா இரிக்கி மகன்" என்று வாப்பா ஒவ்வொரு தரமும் சொல்லியிருக்கிறார். மகியங்கனையில் தேத்தண்ணிக் கடையொன்றில் நிறுத்தியபோது அவரால் இறங்க முடியவில்லை. கால் இருப்பதே தெரியவில்லை என்று அப்போதுதான் சொன்னாராம். கடையில் நின்ற நாலு பேர் கன்வஸ் கூரையைச் சுருட்டிவிட்டு, தொட்டிலில் இருந்து பிள்ளையை எடுப்பது போல மேலால் தூக்கி எடுத்தார்கள். அசைக்கவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். கண்டியில் தந்த நாள் அங்கே கட்டிலிலேயே கழிந்தது.

கண்டியில் அரிசி இறக்கிவிட்டு வந்த சம்மாந்துறை மில் லொறி ஒன்றில், வெறும் சாக்குகளை அடுக்கி அதன்மேல் படுத்தபடி வாப்பா வீட்டுக்கு வந்தார். அந்த லொறியில் முதுகு நோகவில்லை என்று உம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். மச்சான் இல்லாத நேரம் பார்த்துத்தான் சொன்னார்.

கண்டியில் இன்னொரு நாள் கிடைக்க நாலு மாதம் ஆனது. வேனில்தான் போனோம். சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது, நோவு போனது. ஆனால் காலுக்கு உணர்வு திரும்பவில்லை. கொப்பியில் மரப்பு ஏறிய கணக்கை எழுத இனி அவசியமில்லாமல் போனது.

அதன் பிறகு ஒருநாள் மச்சான் விறாந்தையில் வந்து இருந்தார். கார் வீட்டுக்குப் பின்னால் தென்னங்கிடுகு மூடிக் கிடந்தது; அவர் அதை எடுப்பதை விட்டிருந்தார்.

"மச்சி, அண்டைக்கு என்னமோ ஸ்பிரிங் எண்டு கேட்டீங்களே. அது என்ன?"

கடதாசி எடுத்து இரண்டு காரையும் பக்கவாட்டில் கீறினேன். சில்லுகளின் இடைவெளி, ஸ்பிரிங், பின் ஆசனம், பாரம், ஒவ்வொன்றாக இலக்கம் போட்டு விளங்கப்படுத்தினேன். அவர் குனிந்து, விரலால் கோட்டைத் தடவித் தடவிக் கேட்டார். உள் அறையில் வாப்பா ஊன்றுகோலை எடுக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தவர் மருமகன் இருப்பதைக் கண்டதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். "மருமகனுக்குத் தேத்தண்ணி குடுத்தயா புள்ள?" என்று கேட்டார்.

மச்சான் கடதாசியை மடித்தார். "இத நீங்க அண்டைக்கே விளக்கமாச் சொல்லியிருந்தா, மச்சி" என்றார்.

ராத்தா கதவடியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாப்பாவும் பார்த்தார்.

"ஓம் மச்சான்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனேன்.