வெல்ல டப்பா

தாயில்பட்டியில் பட்டாசு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். தொண்டையில் படியும் வெடிமருந்துத் தூசி இறங்கட்டும் என்று தினமும் வெல்லம் தின்போம். தலை சுற்றியபோதும் தூசிதான் காரணம் என்று இன்னும் ஒரு கட்டி தின்றேன். கூலி போகுமே என்று ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை.

டவுனில் மட்டும் மருத்துவ முகாம் நடத்திய ஒரு தொண்டு நிறுவனம், ஒரு அறக்கட்டளை தந்த நிதியில் வேன் வாங்கி, வேலை விடும் நேரத்துக்கு எங்கள் ஊருக்கே வரத் தொடங்கியது. நல்ல மனுசர்கள்! ரத்தம் சோதித்த நர்ஸ் பதறிவிட்டார்.

“அக்கா, சுகர் எம்புட்டு ஏறிக் கெடக்கு தெரியுமா? வெடிமருந்து ரூம்ல மயங்கி விழுந்திருந்தீகன்னா என்ன ஆகியிருக்கும்? தூசிக்கு மாஸ்க் போடுங்க. வெல்லத்த விடுங்க.”

மருந்தில் ஒரு உரசல் போதும், அறையே வெடித்துவிடும். அந்த அறையில் நான் மட்டுமா இருக்கிறேன்?

இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன். வேன் வந்தால், என்னோடு வேலை பார்ப்பவர்களையும் இழுத்துக்கொண்டு போகிறேன். வெல்ல டப்பாவில் மாஸ்க் இருக்கிறது.