காட்டுக்குள் பெண் பார்த்த கதை

எங்கள் அத்தை வாய் திறந்து பேச வேண்டுமென்றால் அவளைக் காட்டுக்குள்தான் கூட்டிப்போக வேண்டும். அப்பாவின் தங்கை. வேலைக்குப் போவாள், வருவாள், சாப்பிடுவாள், அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை என்பதால் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அவளைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். பெண் பார்க்க வந்தவர்களோ கேசரியைத் தின்று முடித்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். ஒருநாள் அத்தை அப்பாவிடம், "இனிமே எவன் முன்னாடியும் காப்பித் தட்டோட வந்து நிக்க மாட்டேண்ணே" என்று சொல்லிவிட்டாள்.

காடு என்றால் பெரிய காடெல்லாம் இல்லை. திருப்பரங்குன்றம் தாண்டி, கண்மாய்க் கரையை ஒட்டி மரம் நட்டு வேலி போட்டிருந்தார்கள். உள்ளே நின்றால் பஸ் ஹாரன் கேட்கும். ஞாயிறு காலையில் அத்தை என்னை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போவாள். அங்கே அவளை ஏறிட்டுப் பார்க்க ஆளே கிடையாது. அவளுக்கு வேண்டியதும் அதுதான். ஐப்பசி மழைக்கு ஈர மண்ணில் சிவப்பு வெல்வெட் பூச்சி ஊரும். அதைக் கையில் விட்டுக்கொண்டு சிரிப்பாள். மார்கழிப் பனிக்குத் தன் துப்பட்டாவை என் தலையில் கட்டிவிட்டு, அவள் பாட்டுக்குப் பாடிக்கொண்டே நடப்பாள். வீட்டில் அவள் பாடி யாரும் கேட்டதில்லை.

தை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு முன்னால் எழுந்தே பழக்கமில்லாத அப்பா, "நானும் வாரேன்" என்று கிளம்பினார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. காட்டுக்குள் எதிரே ஒரு குடும்பம் வந்தது. "அடடே, நீங்க எங்க இங்கிட்டு?" என்று அப்பா வாயைப் பிளந்தார். அவர்களும் அதேபோல் பிளந்தார்கள். அந்த அம்மாள் விடிந்தும் விடியாமலும் பட்டுச்சேலை கட்டிவந்து, முந்தானையைக் கருவேல முள்ளில் மாட்டிக்கொண்டு நின்றதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கூட வந்த மகன் என்னிடம், "இது என்ன மரம் பாப்பா?" என்று கேட்டார். வேப்ப மரம்! மதுரைக்காரருக்கு வேப்ப மரம் தெரியாதா என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

பங்குனியில், இலையெல்லாம் உதிர்ந்து கிடந்த ஒரு காலையில் இன்னொரு குடும்பம் 'தற்செயலாக' வந்தது. அத்தைக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். பாட்டு நின்றுபோனது. சித்திரையில் கொன்றை மஞ்சளாகப் பூத்துத் தொங்கியது. அதன் அடியில் நின்று அத்தையை உற்றுப் பார்த்த, அன்று வந்த குடும்பத்துப் பெரியம்மா ஒருவர், "போட்டோவுல இன்னும் செகப்பால்ல இருந்துச்சு?" என்று கேட்டே விட்டார்.

அத்தை கத்தப்போகிறாள் என்று பயந்தேன். அவளோ அப்பாவைப் பார்த்து, "எனக்குன்னு இருந்தது இந்த ஒரு எடந்தாண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைப் பார்க்க நடந்தாள். "எல்லாம் ஒன் நல்லதுக்குத்தானம்மா..." என்று அப்பா இழுத்தார்.

அதோடு சரி. அத்தை காட்டுப் பக்கமே போகவில்லை. ஞாயிறு விடிந்ததும் போய் எழுப்புவேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். எனக்கு அழுகையாக வரும். அப்பாவுக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது, ஆடிக் கடைசியில் ஒருநாள் என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். காற்று பேயாக அடித்தது. கீழே கிடந்த ஒரு மயிலிறகை எடுத்து வந்து அத்தையிடம் கொடுத்தேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தவள், "யாரெல்லாம் வந்திருந்தாங்க?" என்று கேட்டாள்.

"யாருமே வரல அத்தை. காடே காலியாக் கெடந்துச்சு."

"ஒருத்தருமே இல்லையா?"

"நானும் அப்பாவுந்தான்."

அவ்வளவுதான், இறகை மடியில் போட்டுக்கொண்டு தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் யாரும் வரவில்லையே என்ற ஏக்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன். பாவமாக இருந்தது. அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "அழாத அத்தை, அடுத்த வாரம் கண்டிப்பா யாராச்சும் வருவாங்க" என்று தேற்றினேன்.